ஆல்தேஜ் என்கிற மலைவெட்டி

ஆல்தேஜ் திரான்ஷ்மொந்தாஞ் என்ற பெயரை ஒரே மூச்சில் சொல்ல வேண்டுமானால் கனடாவின் கியூபெக்கில் இருக்கும் சேந்த் ஓனோரீன் கிராமத்தில் பிறந்திருக்க வேண்டும். பின்னால் வரும் அந்தக் குடும்பப் பெயரைப் பிரெஞ்சில் பிரித்துப் பார்த்தால் மலையை வெட்டுகிறவன் என்று பொருள் வரும். உங்கள் நாக்கின் நலன் கருதி இனி மலைவெட்டி என்றே வைத்துக்கொள்வோம். ஆல்தேஜ் கோபித்துக்கொள்ள மாட்டார். தன் பெயரின் பொருளை நாலு பேருக்கு எடுத்துச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வருகிற மனிதர் அவர்.

மலையை வெட்டும் பரம்பரையில் வந்த இந்த மனிதர் அஞ்சலகத்தில் போய் நின்றால், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்ணுக்கு ஒரு தொப்பி மட்டும்தான் தெரியும். அவர் அப்பாவும் அப்படித்தான், அப்பாவின் அப்பாவும் அப்படித்தான். கல்யாணப் படத்தில் மனைவி கொலோம்ப் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், ஆல்தேஜ் பக்கத்தில் நிற்கிறார், இரண்டு தலையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. படம் எடுத்தவர் இரக்கமுள்ள மனிதர்.

வேலையில் இருந்த காலமெல்லாம் ஆல்தேஜ் ஊராட்சியின் பனி அள்ளும் வண்டியை ஓட்டினார். இருக்கையில் இரண்டு மெத்தையைப் போட்டுக்கொண்டு ஏறினால்தான் கண்ணாடிக்கு வெளியே சாலை தெரியும். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் உருளைக்கிழங்கு வறுவல் கடைக்குள் நுழைந்து கையுறையைக் கழற்றியபடி, "இன்னிக்கும் மலைய வெட்டிட்டுத்தான்யா வந்திருக்கேன்!" என்பார். முதல் தடவை சிரித்தவர்கள் அதற்கான தண்டனையை அவர் ஓய்வுபெறும் வரை அனுபவித்தார்கள்.

இவ்வளவு பெருமை பிடித்த மனிதருக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. பெயரைச் சுமக்க ஆள் இல்லை. அண்ணன் பாதிரியாராகப் போய்விட்டார். சித்தப்பா வழியினர் நெசவு ஆலை வேலைக்கென்று அமெரிக்கா போனார்கள். அங்கே மேஸ்திரிக்கு வாய் சுளுக்கிக்கொண்டதால் 'மவுண்டன்' என்று சுருக்கி எழுதிவிட்டார்கள். வெட்டுவதை எல்லையிலேயே விட்டுவிட்டு மலையை மட்டும் தூக்கிக்கொண்டு போன குடும்பம் என்று ஆல்தேஜ் அவர்களை இன்னமும் திட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு மிஞ்சியது ஒரே மகள், மரீஸ். ரிவியேர் து லூ நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்தாள். அவள் கூட வாழத் தேர்ந்தெடுத்தவன் மின்கம்பிகளைப் பழுதுபார்க்கும் ஜெரோம். நல்ல பையன். ஆறடிக்கு மேல் உயரம். மாமனார் வீட்டில் எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். அவனுடைய குடும்பப் பெயர் பெத்தி. பெத்தி என்றால் சின்னது.

"ஆண்டவர் வேணும்னேதான் பண்றார்" என்று ஆல்தேஜ் கொலோம்பிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். "அந்தக் கம்பத்துக்குப் பேரு சின்னவனாம்."

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டாணிச் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது, மே மாதம் தனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்று மரீஸ் சொன்னாள். கொலோம்ப் எழுந்து போய் மகளைக் கட்டிக்கொண்டாள். ஆல்தேஜும் எழுந்தார், ஆனால் அவர் கேட்டது வேறு.

"பிள்ளைக்கு யாரு பேரு?"

"அப்பா! இன்னும் ஆணா பொண்ணான்னே தெரியாது."

"அது ஆண்டவர் முடிவு பண்றது. நான் கேக்கறது குடும்பப் பேரு."

"அத நாங்க முடிவு பண்றோம். சட்டப்படி என் பேரையும் வைக்கலாம், இவர் பேரையும் வைக்கலாம், ரெண்டையும் கோடு போட்டுச் சேத்தும் வைக்கலாம்."

"சட்டம் நேத்து வந்தது. என் பேரு கப்பல்ல வந்தது."

"என் பேரும் நீந்தி வரல மாமா" என்றான் ஜெரோம், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

"உன் பேரா? உன் தாத்தாவுக்கு அப்பா யாருன்னு சொல்லு, பாப்போம்."

"தெரியாது. தாத்தா மரம் வெட்டற முகாம்லேருந்து வந்தார். முகாமுக்கு எங்கேருந்து வந்தார்னு அவர் சொல்லல, நாங்களும் கேக்கல."

"கேட்டியா கொலோம்ப்? தாத்தாவோட நின்னுபோச்சு!"

"ரெண்டையும் சேத்தே வச்சிடலாமே" என்றாள் கொலோம்ப். "பெத்தி-மலைவெட்டி."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மரீஸும் சிரித்தாள். ஆல்தேஜ் மட்டும் சிரிக்கவில்லை. "கோடு போட்டு ஒட்டவைக்க இது என்ன உடைஞ்ச பீங்கானா?" என்று மேசையைத் தட்டினார். "ஒண்ணு சொல்றேன், நியாயமான்னு பாருங்க. எது மூத்த பேரோ அதுதான் பிள்ளைக்கு. இளையது மூத்ததுக்கு வழி விடணும். அவ்வளவுதான்."

ஜெரோமுக்கு ஆட்சேபணை இல்லை. தன்னை விட்டுவிட்டுப் போன அப்பா கொடுத்த பெயர் அது. அவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறவன் இல்லை. மரீஸ் பெருமூச்சு விட்டாள். "சரிப்பா. எது மூத்ததுன்னு நீங்களே தேடிக் கண்டுபிடிச்சுக் கொண்டுவாங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் என்னை வாந்தி எடுக்க விடுங்க."

அப்பாவிடமிருந்து இரண்டு மாத நிம்மதி வாங்கிவிட்டதாக அவள் நினைத்தாள். அப்பாவோ மறுநாளே வம்சாவளிக் கழகத்தில் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கழகம் கோயிலின் அடித்தளத்தில் இருக்கிறது. மேலே பூசைக்கு வருகிறவர்களைவிடக் கீழே செத்துப்போனவர்களைத் தேடி வருகிறவர்கள் அதிகம். கழகத்தின் தலைவி தெனேஜ், அதே கோயிலில் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்றவள். யாராவது தவறு செய்தால், சுருதி பிசகியது போல் முகத்தைச் சுளிப்பாள்.

எங்கள் முன்னோர்களைத் தேடுவதில் ஒரு தொல்லை உண்டு. ஆண் குழந்தை பிறந்தால் ஞானஸ்நானத்தில் முதலில் ஜோசப் என்று வைத்துவிடுவார்கள். பெண் என்றால் மரி. அதற்குப் பிறகு ஞானத்தந்தையின் பெயர், அதற்கும் பிறகு கூப்பிடுகிற பெயர். ஆல்தேஜே ஞானஸ்நானப்படி ஜோசப் ஜெதேயோன் ஆல்தேஜ்தான். பழைய நாளில் பாதிரியாருக்குக் கை வலித்தால் கடைசிப் பெயரை எழுதாமல் விட்டுவிடுவார். ஆகவே ஊரே ஜோசப். கோயில் வாசலில் நின்று யாராவது "ஜோசப்!" என்று கூப்பிட்டிருந்தால் மீசை வைத்தவனெல்லாம் திரும்பியிருப்பான். இன்னொன்றும் உண்டு. பிள்ளை இறந்துபோனால் அதன் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள், அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிடுவதைப் போல.

ஆல்தேஜ் முதல் வாரத்திலேயே ஐந்து தலைமுறை ஏறிவிட்டதாகத் தம்பட்டம் அடித்தார். இரண்டாவது வாரம் தெனேஜ் அவர் எழுதியதை வாங்கிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"ஆல்தேஜ், இந்த ஜோசப் யாரு?"

"என் கொள்ளுத்தாத்தாவோட தாத்தா. பெரிய விவசாயி. பதினோரு பிள்ளைங்க."

"பதினோரு பிள்ளையா? இது பொறந்து பத்து நாள்ல செத்துப்போன ஜோசப்புய்யா. அதுக்கு அடுத்த வருஷம் பொறந்த ஜோசப்தான் உன் ஆளு. தொட்டில்லயே குடும்பம் நடத்தியிருக்கானா உன் பாட்டன்?"

அடித்தளம் முழுக்கச் சிரித்தது. ஆல்தேஜ் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. மீதித் தேடலை வீட்டிலேயே, மகள் விட்டுப்போன பழைய கணினியில், யாருக்கும் காட்டாமல் தனியாகச் செய்தார். மூக்கறுபட்ட மனிதருக்கு ஆசிரியர் தேவைப்படுவதில்லை.

மற்றபடி அவர் விவரம் தெரியாதவர் இல்லை. பழைய பட்டாளக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்றும் பட்டாளத்தில் கூப்பிடும் பெயர் ஒன்றும் இருந்தது எங்கள் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இன்னார் என்கிற இன்னார் என்று பதிவேட்டில் எழுதியிருக்கும். போகப் போகச் சில பிள்ளைகள் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள், சிலர் பட்டப்பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். முடி வெட்டும் லாஃப்ளரிடம், "உங்க பேரு நெசமான பேரே இல்ல, தெரியுமா? உங்க முப்பாட்டன் தொப்பியில பூ சொருகிட்டு நின்னிருப்பான். எவனோ 'பூ'ன்னு கூப்பிட்டான். அதுவே நின்னுபோச்சு" என்று ஆல்தேஜே விளக்கியிருக்கிறார். லாஃப்ளர் அன்றைக்குக் காதோரத்தில் கொஞ்சம் அழுத்தியே கத்தரித்தார். ஊரில் உள்ள பூ, கிளை, கவலையில்லாதவன், அழகு மனத்தான் எல்லாம் பட்டாளத்துப் பட்டப்பெயர்கள் என்பது ஆல்தேஜுக்குத் தெரியும். மலைவெட்டி மட்டும் ஆதாம் காலத்திலிருந்தே மலைவெட்டி.

டிசம்பரில் ஒருநாள் அவர் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த முதல் பாட்டனையே பிடித்துவிட்டார். முன்னூறு ஆண்டுக்கு முந்தைய கல்யாணப் பதிவு. மை மங்கிய கையெழுத்து. எழுதிய பாதிரியார், பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று கவலைப்படாதவர். 'பியேர் பெத்தி என்கிற மலைவெட்டி, படைவீரர்' என்று அதில் இருந்தது.

ஆல்தேஜ் நாற்காலியிலிருந்து துள்ளி இறங்கினார்.

"கொலோம்ப்! இங்க வா, ஓடி வா! நம்ம ஆளு! பியேர்! பட்டாளத்துக்காரன்!"

"என் ஆளு இல்ல, உன் ஆளு" என்றாள் கொலோம்ப், மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்து. "அது என்ன நடுவுல பெத்தி?"

"சின்னவன்னு அர்த்தம்."

"அது எனக்குத் தெரியாதா? ஏன் எழுதியிருக்காருன்னு கேக்கறேன்."

"உயரம்! பியேர், சின்ன ஆளு, மலைவெட்டி எனப்படுபவர். புரியலயா? பாதிரியாரே அசந்துபோயிருக்கார். இத்தனை சின்ன ஆளுக்கு இத்தனை பெரிய பேரான்னு ஆச்சரியப்பட்டு உயரத்தையும் குறிச்சு வச்சுட்டார்!"

கொலோம்ப் திரையையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிப் போய்விட்டாள்.

அந்த வாரம் ஆல்தேஜுக்குத் தலைகால் புரியவில்லை. வறுவல் கடையில் சொன்னார், அஞ்சலகத்தில் சொன்னார், லாஃப்ளரிடம் சொன்னார். "ராஜாவோட உயரத்தக்கூட எவனும் எழுதி வைக்கல. எங்காளு உயரத்த எழுதியிருக்கான்." பிறந்ததிலிருந்து அவரைக் குட்டையாக்கி வைத்திருந்த ரத்தம் திடீரென்று சரித்திரமாகிவிட்டது. குள்ளமாக இருப்பதே குலப்பெருமை ஆனதில் அவருக்கு உண்மையாகவே கண்கள் கலங்கின. கிண்டலுக்குச் சொல்லவில்லை. எத்தனை வருஷமாக அந்த மனிதர் தொப்பியை உயரமாகவே வாங்கிக்கொண்டிருந்தார்!

கிறிஸ்துமஸ் விருந்தில், இறைச்சி அடைத்த தூர்த்தியேரை வெட்டுவதற்கு முன்னால், சுவரில் மாட்டியிருந்த போர்வையை விலக்கினார். உள்ளே கண்ணாடி போட்ட வம்ச மரம். அதன் தலையில், அஞ்சலில் வரவழைத்த குலச்சின்னம்: ஒரு மலை, அதில் பாதிவரை இறங்கிய வாள். பார்க்க வெண்ணெயில் கத்தி குத்தி நின்றது போல் இருந்தது. அடியில் 'பியேர் மலைவெட்டி, படைவீரர்' என்று தங்க எழுத்து.

"இங்கேருந்து ஆரம்பிக்குது" என்றார் ஆல்தேஜ். "மாப்பிள்ள, உன்னுது எங்க ஆரம்பிக்குது?"

"மரம் வெட்டற முகாம்ல" என்றான் ஜெரோம், சிரித்துக்கொண்டே. "நீங்க மலை, நாங்க மரம். நான் தோத்துட்டேன் மாமா."

மரீஸ் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அப்பாவின் முகத்தையும் பார்த்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "சரிப்பா, மலைவெட்டியே இருக்கட்டும்" என்றாள். ஆல்தேஜ் அன்று எல்லோருக்கும் தானே பரிமாறினார். பாத்திரம் கழுவவும் எழுந்தார். கொலோம்ப்தான் தடுத்துவிட்டாள். பீங்கான் மீது அவளுக்கு அக்கறை உண்டு.

பாதிரியார் உயரம் எழுதிய கதை ஜனவரியில் தெனேஜின் காதுக்குப் போனது. மறுநாளே பனியில் நடந்து வந்து கதவைத் தட்டினாள். கொலோம்ப் பிங்கோ ஆடப் போயிருந்தாள்.

"எந்தப் பாதிரியாருய்யா உயரம் அளந்தது? எனக்கும் காட்டு."

ஆல்தேஜுக்கும் காட்டத்தான் ஆசை. பத்து நாள் ஜோசப்புக்கு இது பதில் மரியாதை அல்லவா? கணினியைத் திறந்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். தெனேஜ் படித்தாள். இந்தத் தடவை முகத்தைச் சுளிக்கவில்லை. அதுதான் அவரைக் கலக்கியது.

"ஆல்தேஜ், உக்காரு."

"ஏன்?"

"உக்காருய்யா. 'என்கிற'வுக்கு முன்னாடி என்ன வரும்?"

"பேரு."

"பின்னாடி?"

"பட்டாளத்துல கூப்பிட்ட..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றார். லாஃப்ளரின் கத்தரிக்கோல் இப்போதுதான் அவருக்கு வலித்தது.

"இது உயரம் இல்ல. குடும்பப் பேரு. பியேர் பெத்தி. மலைவெட்டிங்கறது கூட இருந்தவன் கேலிக்கு வச்சது. பழைய அகராதியில மலைவெட்டின்னா என்னன்னு தெரியுமா?"

"வீரன்."

"வாய்ச்சவடால் அடிக்கறவன். செய்யாததச் செஞ்சேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறவன். உன் பாட்டன் சின்ன ஆளா இருந்தானோ என்னமோ, அது எனக்குத் தெரியாது. வாய் பெருசுன்னு மட்டும் பட்டாளமே சாட்சி சொல்லியிருக்கு."

ஆல்தேஜ் திரையில் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். கடைசியில், "அப்ப ஜெரோமோட பெத்தியும் எங்க பெத்தியும் ஒண்ணா?" என்று கேட்டார்.

"கியூபெக் முழுக்கப் பெத்திங்கதான். ஒண்ணா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா எது மூத்த பேருன்னு கேட்டியே, அதுக்கு இங்க பதில் இருக்கு."

அவள் பூட்ஸை மாட்டிக்கொள்ளும்போது ஆல்தேஜ் வாசலில் வந்து நின்றார். "தெனேஜ்... வெளிய சொல்லிடாத."

"உன் பாட்டன், உன் பாடு. நான் ஏன் சொல்றேன்? ஆனா நீயே எவ்வளவு நாள் வாய மூடிக்கிட்டு இருப்பேன்னுதான் பாக்கணும்."

ஆல்தேஜ் மூடிக்கொண்டுதான் இருந்தார். அவர் பேசாமல் இருந்த குளிர்காலம் அது ஒன்றுதான். வறுவல் கடையில் யாராவது உயரத்தைப் பற்றிக் கேட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்றார். மூத்த பெயர்தான் ஜெயிக்க வேண்டும் என்று மேசையைத் தட்டியவர் அவர்தான். அவர் சட்டப்படியே குழந்தை பெத்தி. மகள் தன்னை நம்பி ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறாள், அதைப் பொய்யின் மேல் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பது தெரிந்தது. தெரிந்தும் சொல்ல மனம் வரவில்லை. சொன்னால் பெயர் போய்விடும். அவரோடு முடிந்துவிடும்.

அதற்குப் பரிகாரமாக ஜெரோமிடம் அன்பு காட்ட ஆரம்பித்தார். சர்க்கரை வைத்துச் சுட்ட இனிப்பு அடையில் பெரிய துண்டை அவனுக்கு வைத்தார். அவன் காரின் மேல் விழுந்திருந்த பனியைத் துடைத்துவிட்டார். ஒருநாள் "நல்ல பேருய்யா உன் பேரு" என்றுகூடச் சொல்லிவிட்டார். ஜெரோம் பயந்துபோய் மரீஸிடம், "உங்கப்பாவ டாக்டர்கிட்டக் காட்டணும்" என்றான்.

மார்ச் நடுவில் பெரிய புயல் அடித்தது. ஜெரோம் உட்கிராமங்கள் பக்கம் அறுந்த கம்பிகளைக் கட்டப் போயிருந்தான். மறுநாள் விடிந்ததும் மரீஸ் தொலைபேசியில் அழைத்தாள். வலி வந்துவிட்டது, ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றாள். இன்னும் ஏழு வாரம் இருந்தது. ஆல்தேஜும் கொலோம்பும் காரை எடுத்துக்கொண்டு, பனி அள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்து நகரத்துக்குப் போனார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஓட்டுநரை வழி முழுக்க ஆல்தேஜ் திட்டினார். கொலோம்ப் ஜபமாலையை உருட்டினாள். திட்டுவதும் அன்றைக்கு ஜபம்தான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மரீஸ் மயக்கத்தில் இருந்தாள். கொலோம்பை மகளிடம் அனுப்பிவிட்டு, ஆல்தேஜை ஒரு செவிலி கண்ணாடிப் பெட்டிக்கு அழைத்துப் போனாள். ஆண் குழந்தை.

ஆல்தேஜ் எதிர்பார்த்து வந்தது ஒரு வாரிசை. பெட்டிக்குள் இருந்தது ஒரு கைப்பிடி. மூக்கில் குழாய், தலையில் ஆரஞ்சுப் பழத்துக்குப் பின்னியது போல ஒரு குல்லாய். விலா எலும்புகள் ஏறி ஏறி இறங்கின. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மறுபடி ஏறுமா என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பயமாக இருந்தது. அப்படி ஒரு பயம் அவர் பட்டதே இல்லை.

"நல்லா மூச்சு விடறான் ஐயா, பயப்படாதீங்க" என்றாள் செவிலி. பெட்டியில் மாட்டும் அட்டையும் பேனாவும் அவள் கையில் இருந்தன. "குடும்பப் பேரு எழுதணும். பேரெல்லாம் முடிவு பண்ணியாச்சுன்னு அம்மா சொன்னாங்களாம், என்னன்னு சொல்றதுக்குள்ள மயக்கம் குடுத்துட்டாங்க. என்ன பேரு?"

ஆல்தேஜுக்கு அது காதில் விழவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊரில் எந்தத் தாத்தாவும் எந்தக் குழந்தையையும் பார்த்ததும் 'குட்டி' என்ற பொருளில் சொல்கிற வார்த்தைதான் அவர் வாயில் வந்தது.

"பெத்தி..." என்றார். "பெத்தி... என் பெத்தி..."

"பெத்தி. சரி" என்று எழுதி, அட்டையை மாட்டிவிட்டு, செவிலி அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள்.

அட்டை ஆடுவதைப் பார்த்த பிறகுதான் ஆல்தேஜுக்கு நடந்தது புரிந்தது. பேரை அவர் உயரம் என்று படித்தார். உயரத்தை அவள் பேர் என்று எழுதிவிட்டாள். செவிலி நாலடி தள்ளித்தான் நின்றாள். பேனா இன்னும் அவள் கையில் இருந்தது. "அது இல்லம்மா" என்று ஒரு வார்த்தை போதும். மகள் ஒப்புக்கொண்டாயிற்று, மருமகன் தோற்றாயிற்று, தெனேஜ் வாயைத் திறக்கப் போவதில்லை. ஆல்தேஜ் வாயைத் திறந்தார். உள்ளே அந்த விலா எலும்புகள் ஒரு தடவை ஏறி இறங்கின. இந்த மூச்சு நிற்காமல் இருக்க வேண்டுமென்று சற்றுமுன் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்ட வாயால் ஒரு பொய்யைச் சொல்ல அவருக்கு வரவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

மதியம் ஜெரோம் ஓடி வந்தான். பூட்ஸில் பனி, முகத்தில் தாடி, கண்ணில் தூக்கமில்லை. குழந்தையைப் பார்த்தான், அழுதான், பிறகு அட்டையைப் பார்த்தான். எல்லோரும் மரீஸின் கட்டிலைச் சுற்றி நின்றபோது கேட்டான்.

"பெத்தின்னு யாரு எழுதச் சொன்னது? நாமதான் மலைவெட்டின்னு பேசி முடிச்சோமே."

"நான்தான்" என்றார் ஆல்தேஜ்.

மரீஸ் தலையைத் திருப்பினாள். "நீங்களா? ஏம்ப்பா?"

"மூத்த பேருதானே ஜெயிக்கணும்? அதுதான் மூத்தது." தொப்பியைக் கையில் வைத்து உருட்டினார். "பியேர் பெத்தி. அதுதான் அவன் பேரு. மலைவெட்டி சும்மா கேலிக்கு வச்சது. உயரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜனவரியிலயே எனக்குத் தெரியும். உன்கிட்டச் சொல்லாம இருந்துட்டேன். தப்புதான்."

ஜெரோம் மெல்ல, "அப்ப மாமா, நீங்களும் பெத்தியா?" என்றான்.

"முன்னூறு வருஷமா."

"இதக் கண்டுபிடிக்க உனக்குக் கம்ப்யூட்டர் வேண்டியிருந்துச்சு" என்றாள் கொலோம்ப். "உன்னக் கட்டிக்கிட்ட அன்னிக்குக் கோயில் படியில பக்கத்துல நின்னேன் பாரு, அப்பவே எனக்குத் தெரியும்."

ஜெரோம் வெடித்துச் சிரித்தான். தையல் பிரிந்துவிடும், யாராவது அவனை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று மரீஸ் கெஞ்சினாள். சிரித்து ஓய்ந்த பிறகு அப்பாவின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஜனவரியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. ஆல்தேஜுக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

சாயங்காலம் அவர் மறுபடியும் குழந்தையைப் பார்க்கப் போனார். கதவில் வேறொரு செவிலி நின்றாள்.

"உள்ள சொந்தக்காரங்க மட்டும்தான் ஐயா. எந்தக் குழந்தை?"

ஆல்தேஜ் விரலை நீட்டிக் காட்டினார். அவள் எட்டி அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

"குழந்தைக்கு நீங்க என்ன வேணும்?"

"தாத்தா."

"உங்க பேரு?"

ஆல்தேஜ் மூச்சை இழுத்தார். வாழ்நாளெல்லாம் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மனிதர் அவர். எழுத்துக்கூட்டிச் சொல்லி, பொருள் சொல்லி, கப்பல் வந்த கதை சொல்லி முடிக்க அவருக்கு அரை மணி நேரமாவது வேண்டும்.

"பெத்தி" என்றார்.

செவிலி கதவைத் திறந்துவிட்டு, கை கழுவும் இடத்தைக் காட்டினாள்.